செருப்புக்குக் காவல்

கடற்கரைக்குப் போகிற ஒவ்வொரு குடும்பத்திலும் கடலைத் தொடாமல் வீடு திரும்புகிறவர் ஒருவர் இருப்பார். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நீங்களே மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள்.

பஸ்ஸிலும் பறக்கும் ரயிலிலும் வந்து இறங்கிய குடும்பம் ஒன்று மணலில் கால் புதைய நடந்து வருகிறது. அந்த மணல்வெளி சாமானியமானதல்ல. கடல் இதோ வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று குழந்தைகளை ஏமாற்றிக்கொண்டே போகும். கடைசியில் அலையின் ஈரம் கண்ணில் பட்டவுடன் குழந்தைகள் செருப்பை உதறிவிட்டு ஓடுகின்றன. அவர்களைப் பிடிக்கிற சாக்கில் பெரியவர்களும் ஓடுகிறார்கள். ஓடுகிற அவசரத்தில் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பணப்பை, இந்தக் காலத்தில் நாலைந்து கைப்பேசிகள், எல்லாம் ஒருவர் மடியில் வந்து விழுகின்றன. அந்த ஒருவர் ஈர மணலுக்கும் உலர்ந்த மணலுக்கும் நடுவே ஓர் இடம் பார்த்து உட்காருகிறார். அவரைச் சுற்றிலும் செருப்புகள். அரை மணியோ முக்கால் மணியோ அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடலை எங்கே பார்க்கிறார்? செருப்பைப் பார்க்கிறார், பையைப் பார்க்கிறார், அத்தனை தலைகளுக்கு நடுவில் நம் வீட்டுத் தலை எது என்று பார்க்கிறார். மற்றவர்கள் நனைந்து, சிரித்து, பசியோடு திரும்பி வரும்போது டிபன் பாத்திரத்தைத் திறந்து பரிமாற வேண்டியவரும் பெரும்பாலும் அவரேதான்.

இந்த உத்தியோகத்துக்கு யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதும் இல்லை. ஆனாலும் ஆளை நியமிப்பதில் தவறு நேர்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் விதவை அத்தை ஒருத்தி இருந்தால் அவள். அவள் இல்லையென்றால் பாட்டி. பாட்டியும் இல்லையென்றால் மருமகள். முழங்கால் வலிக்கிற தாத்தாவுக்கும் சில சமயம் இந்தப் பதவி கிடைப்பதுண்டு. நன்றாகச் சம்பாதிக்கிற நடுவயது மகன் செருப்புக்குக் காவல் இருக்கிறானா? இருக்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு எப்போதாவது அபூர்வமான பறவை வந்து இறங்குகிற மாதிரி அப்படி ஒருவன் வந்து உட்காரவும் கூடும். நாம் போகிற நாளில் அவன் கண்ணில் படுவதில்லை.

பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "செருப்புக்குப் போய் ஒரு தர்ம விசாரமா? யாராவது ஒருத்தர் உட்கார்ந்துதானே ஆகணும்? எல்லாரும் தண்ணிக்குள்ளே இறங்கிட்டா திரும்பி வரும்போது வெறுங்காலோடதான் வீட்டுக்குப் போகணும்!" என்றார்.

அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ம் ஆண்டு வாக்கில் இந்தக் கரையில் உலாவும் பாதை அமைத்து, சிஸிலித் தீவின் நினைவாக 'மெரினா' என்று பெயரிட்டார். துரைமார்கள் பூட்ஸைக் கழற்றாமல் காற்று வாங்கிவிட்டுப் போகத்தான் அந்தப் பாதை. செருப்பை விட்டுவிட்டு அலைக்குள் இறங்குகிற ஜனங்களைப் பற்றி அவர் யோசித்திருக்க மாட்டார். ஆகவே யாராவது ஒருத்தர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் நண்பருடைய வாக்கியத்தில் 'யாராவது ஒருத்தர்' என்று இருக்கிறதே, அந்த இரண்டு வார்த்தைகளில்தான் என் சந்தேகம். இன்றைக்கு ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர் என்று இருந்தால் 'யாராவது' என்று சொல்லலாம். இருபது வருஷமாக ஒரே ஆள் என்றால் அவரை 'யாராவது' என்பது நியாயமா?

நண்பர் சளைக்கவில்லை. "அவங்களுக்கே அதுதான் சார் பிடிக்கும். கையைப் பிடிச்சு இழுத்தாலும் வரமாட்டாங்க" என்றார்.

இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதுதான் கஷ்டமான இடம். பிறருக்காகத் தன் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்கிற ஒருவர், அதுதான் எனக்குச் சந்தோஷம் என்று தம் வாயாலேயே சொல்லும்போது அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அவர் சொல்லை நம்பாமல் இருப்பதும் ஒரு விதத்தில் அவமரியாதை. நம்பிவிட்டுப் போவதோ நமக்கு மிகவும் சௌகரியமான மரியாதை.

எங்கள் அத்தையைப் பற்றிச் சொன்னால் நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று விளங்கும்.

1960-களின் நடுப்பகுதியில் நாங்கள் திருவல்லிக்கேணியில் குடியிருந்தோம். கடற்கரை நடந்து போகிற தூரம். அப்பாவின் அக்காள் எங்களோடு இருந்தாள். இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடற்கரைக்குப் போகும்போது அத்தையும் வருவாள். அவளை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதில் அப்பா கண்டிப்பாக இருந்தார். கடற்கரையில் ஏழு ஜோடிச் செருப்பையும் அத்தை பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்வாள். அப்பாவின் கடிகாரம் அவள் புடைவைத் தலைப்பில் முடிச்சாக இருக்கும். அவளுக்கென்று செருப்புக் கிடையாது. அந்தக் காலத்து விதவைகளில் பலர் செருப்புப் போடுவதில்லை. தனக்கில்லாத பொருளுக்குத்தான் அவள் காவல் இருந்தாள்.

"அக்கா, நீயும் வாயேன்" என்று அப்பா ஒவ்வொரு வாரமும் தவறாமல் கூப்பிடுவார். ஆனால் அப்படிக் கூப்பிடும்போது அவர் கடலை நோக்கிப் பத்தடி நடந்திருப்பார். முதுகைக் காட்டிக்கொண்டு விடுக்கிற அழைப்பு அது. "எனக்கு எதுக்குடா? கால் நனைஞ்சா ஜுரம் வந்துடும். நீங்க போங்க" என்பாள் அத்தை. அத்தைக்குக் கடல் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, அத்தைக்குக் கடல்.

அப்புறம் ஓர் ஆடி அமாவாசை. விடியற்காலையில் தெருப்பெண்கள் நாலைந்து பேரோடு அத்தை சமுத்திர ஸ்நானத்துக்குப் போனாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். அன்றைக்கு முதல் தடவையாக அத்தை கடலில் இறங்குவதைப் பார்த்தேன். மூன்று தடவை தலை முழுக முழுகினாள். ஒரு பெரிய அலை வந்து எல்லாரையும் புரட்டித் தள்ளியது. மற்றப் பெண்கள் அலறினார்கள்; அத்தை மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீரோடு எழுந்து நின்று சிரித்தாள். ஈரப் புடைவையோடு வீட்டுக்கு நடந்து வந்து, அன்றைய சமையல் முழுவதையும் செய்தாள். ஜுரம் ஒன்றும் வரவில்லை.

"அத்தை, காலையிலே முழுகினியே, ஜுரம் வரலியா?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"அது புண்ணியத்துக்குடா" என்றாள்.

ஆக, கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இல்லை. புண்ணியத்துக்கு நனைந்தால் ஜுரம் வராது; வெறும் சந்தோஷத்துக்கு நனைந்தால் வந்துவிடும். வியாதி உடம்பில் இல்லை, உத்தரவில் இருந்தது. அந்த உத்தரவை யார் போட்டார்கள் என்று கேட்டால், யாரும் போடவில்லை. அப்பா போடவில்லை. அவர் நல்லவர், அக்காவிடம் உயிரை வைத்திருந்தவர். ஊரும் உலகமும் சேர்ந்து வெகுகாலத்துக்கு முன்பே போட்டு வைத்திருந்த உத்தரவை அத்தை தன் வாயாலேயே, தன் சொந்த அபிப்பிராயம் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இங்கே நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அத்தையைப் பரிதாபப் பாத்திரமாக்கிவிட்டால் அதுவும் அவளுக்குச் செய்கிற அநியாயம்தான். ஏழெட்டுப் பேர் உள்ள வீட்டில் காப்பி, தண்ணீர், துண்டு, சாவி என்று எதற்கெடுத்தாலும் "அத்தை! அத்தை!" என்ற குரல்தான். அந்தக் கூப்பாடு கேட்காத நேரம் வாரத்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மணலில் செருப்புகளுக்கு நடுவே அவள் தனியாக உட்கார்ந்திருந்த முக்கால் மணி. அவள் உண்மையாகவே அதை விரும்பியிருக்கலாம். அலையைவிட அந்த நிம்மதி அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கலாம். ஆனால் அவள் நிஜமாக எதை விரும்பினாள் என்பதை அறிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. அப்பா ஒரே ஒரு நாள் செருப்புக்கு அருகில் உட்கார்ந்துகொண்டு, "நான் பார்த்துக்கறேன் அக்கா, நீ என்ன வேணுமோ செய்" என்று சொல்லியிருக்க வேண்டும். தனக்குப் பதில் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஒருவர் "நான் வரவில்லை" என்றால் அது அவர் விருப்பம். பதில் ஆளே இல்லாதபோது சொல்வதை விருப்பம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அத்தை காலமானது 1974-ல். அதற்குப் பிறகு முதல் முறையாக எல்லாரும் கடற்கரைக்குப் போன அன்று எங்களுக்குச் செருப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒவ்வொருவரும் தம் தம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையோரம் நின்றோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. சீக்கிரமே திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் அம்மா உட்கார்ந்தாள்.

தியாகம் என்ற வார்த்தையை நாம் அளவுக்கு மீறி உபயோகிக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ராமாயணத்தில் கங்கைக் கரையில் ராமனும் சீதையும் உறங்கும்போது லட்சுமணன் வில்லை ஏந்தி இரவெல்லாம் கண் இமைக்காமல் காவல் நிற்கிறான். அதைக் கண்டு குகன் கண்ணீர் விடுகிறான். படிக்கிற நமக்கும் நெஞ்சு உருகுகிறது. உருக வேண்டியதுதான்; ஏனென்றால் லட்சுமணன் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட காவல் அது. அயோத்தியிலேயே இருந்துவிட அவனுக்கு முழு உரிமையும் இருந்தது. அவன் மனைவி ஊர்மிளையின் கதை வேறு. அவள் பதினான்கு வருஷம் அரண்மனையில் காத்திருந்தாள். அவளை யார் கேட்டார்கள்? தாகூர் இந்தக் குறையை உணர்ந்து, காவியங்களில் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஊர்மிளைக்காக வாதாடினார். ஹிந்திக் கவி மைதிலி சரண் குப்தா தம் 'சாகேத்' காவியத்தில் அவளுக்குப் பெரிய இடம் கொடுத்தார். தெலுங்கு நாட்டில் பெண்கள் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதில் ஊர்மிளை அந்தப் பதினான்கு வருஷமும் தூங்கிவிடுகிறாள். பெண்களே பாடிய பாட்டு அல்லவா? அவளுக்குத் தூக்கமாவது கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

லட்சுமணன் செய்தது தியாகம். ஊர்மிளைக்கு நேர்ந்ததற்கு நான் அந்தப் பெயரைக் கொடுக்க மாட்டேன். கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர்களை லட்சுமணன் கணக்கில் சேர்த்துப் புகழ்கிற நம் பழக்கம் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். அந்தப் புகழ்ச்சியில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை.

காவல் வேலை கடற்கரையில்தான் தொடங்குகிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வண்டலூர் போகலாம்!" என்று சனிக்கிழமை இரவு வீட்டுத் தலைவர் உற்சாகமாக அறிவிக்கிறார். குழந்தைகள் குதிக்கின்றன. அந்த அறிவிப்பைக் கேட்டவுடன் ஒருத்திக்கு மட்டும் வேறு கணக்கு ஓடுகிறது: புளிக்காய்ச்சல் இருக்கிறதா, தயிர் போதுமா, நாலு மணிக்கு எழுந்தால் சரியாக இருக்குமா? புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், குழந்தைக்கு இட்லி, எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். திரும்பி வந்த பிறகு மற்றவர்கள் "அப்பாடா, என்ன அலைச்சல்!" என்று மின்விசிறிக்கு அடியில் சாய்கிறார்கள். அவள் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து சேர்ந்த பாத்திரங்களைத் தொட்டியில் போடுகிறாள். உல்லாசப் பிரயாணம் என்று நாம் சொல்வது அவளைப் பொறுத்தவரை சமையலறையை நாற்பது கிலோமீட்டர் தூரம் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருகிற வேலை.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. செவ்வாய்க்கிழமை பார்வையாளருக்கு அனுமதி இல்லை. சிங்கமும் புலியும் அன்றைக்கு நம் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுச் சமையலறைக்கு எந்தக் கிழமை என்று அங்கே போய்விட்டு வந்த ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இதெல்லாம் கதாசிரியனின் கற்பனை என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் ஜனங்கள் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் 100 பெண்களில் 81 பேர் ஈடுபடுகிறார்கள். அப்படி ஈடுபடுகிறவர்கள் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிஷம். ஆண்களிலோ 100-க்கு 26 பேர். அவர்களுக்கு 97 நிமிஷம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே? அதையும் 26 பேர்தான் செய்கிறார்கள். மீதி 74 பேர் அலையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

குடும்பத்துக்குள் மட்டும் நடக்கிற விஷயமாக இருந்தால், அவரவர் வீட்டுச் சமாசாரம் என்று விட்டுவிடலாம். ஆனால் நாம் வெளியே புறப்படுகிறபோது முன்பின் தெரியாத எத்தனையோ பேரும் நமக்காகக் கரையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அல்லது உட்காராமல் நிற்கிறார்கள்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குள் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகிறது. ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் நமக்கு நாற்காலி கிடைக்கிறது. நம் எதிரே இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டு புடைவைகளைப் பிரித்துக் காட்டுகிறாள். முப்பது புடைவை பிரித்த பிறகு, "வேறே டிசைன் இல்லையா?" என்கிறோம். அவளும் முகம் கோணாமல் அடுத்த அடுக்கை எடுக்கிறாள். அந்தப் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள் என்பது நமக்கு எப்போதாவது தோன்றியதுண்டா? கடைக்காரர்களுக்கும் வெகுகாலம் தோன்றவில்லை. கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருஷம் போராடி, 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் 'உட்காரும் உரிமை' என்று ஒன்று இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிந்தது. 2021-ல் தமிழ்நாடும் 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் வேலைக்கு நடுவே உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று விதித்தது. மனிதர் உட்காருவதற்குச் சட்டசபை கூடி மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது!

நாம் இவ்வளவு இயல்பாக அனுபவிக்கிற ஞாயிற்றுக்கிழமையும் அப்படி வாங்கப்பட்டதுதான். பம்பாய் ஆலைத் தொழிலாளிகளுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று நாராயண் மேகாஜி லோகாண்டே வருஷக்கணக்காகப் போராடியதன் பேரில், 1890-ல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். சிங்காரவேலர் 1923-ல் மே தினம் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில். அதே கரையில்தான் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. நான்கு பேர் உடம்பெல்லாம் நரம்பு புடைக்கப் பாறையை நெம்புகிறார்கள். "உழைப்பாளர் சிலைகிட்ட இருக்கோம், வந்துடு" என்று கைப்பேசியில் நண்பர்களைக் கூப்பிடுவதற்கு அது நல்ல அடையாளமாக இருக்கிறது.

"சார், அவங்களுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறாங்களே" என்று என் நண்பர் இங்கேயும் குறுக்கிட்டார். கொடுக்கிறார்கள். சம்பளம் உழைப்புக்கு விலை. சுண்டலுக்குக் காசு கொடுத்தால் சுண்டல் கணக்குத் தீர்ந்தது. ஆனால் ஓய்வு அப்படிக் காசுக்கு மாற்றிக்கொள்ளக் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. மணலில் தூக்குக் கூடையோடு அலைகிற சுண்டல்காரம்மா ஒருவரிடம், "நீங்க கடைசியா எப்போ அலையிலே கால் நனைச்சீங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தெனம் பார்க்கறதுதானே சார்" என்றார். நான் கேட்டது பார்ப்பதைப் பற்றி அல்ல. அது அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அதற்குள் வேறொரு குடும்பம் கூப்பிட்டது, போய்விட்டார்.

சரி, பிறர் நிற்க நாம் உட்காருவது தவறு, பிறர் கரையில் இருக்க நாம் நனைவது பாவம் என்று யாரும் எங்கும் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடப்பதா? அப்படிச் சொல்கிற பரிசுத்தவான்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களால் சுண்டல்காரம்மாவுக்கு அன்றைய வியாபாரம் போனதுதான் மிச்சம். நான் சந்தோஷத்துக்கு விரோதி அல்ல. அத்தை கரையில் இருந்த காரணத்தால் எங்களுக்கு அலை இனிக்காமல் இருந்தது என்று சொன்னால் அது பொய். அமிர்தமாக இனித்தது. இனிப்பில் குற்றமில்லை, பங்கீட்டில்தான் கோளாறு.

சில மாதங்களுக்கு முன் மெரினாவில் ஒரு காட்சி கண்டேன். பத்துப் பதினைந்து பெண்கள், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றிலிருந்து சேர்ந்து வந்திருந்தார்கள். சாதாரண பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லையல்லவா? அதனால் நினைத்த மாத்திரத்தில் கிளம்பி வந்துவிட்டதாக ஒருத்தி சொன்னாள். கூடவே வீட்டு ஆண்பிள்ளைகள் யாரும் இல்லை. அலையருகே வந்ததும் ஒரு பெரிய மஞ்சள் பையில் அத்தனை பேர் செருப்பையும் போட்டு வாயைக் கட்டினார்கள். அந்தப் பையை ஒருத்தி தோளில் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அது இன்னொருத்தி தோளுக்கு மாறியது. பையும் நனைந்தது, எல்லாரும் நனைந்தார்கள். கரையில் ஒருவரும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை சுலபமா இது? ஒரு துணிப்பை! என் அப்பா கெட்டிக்காரர். பழுதடைந்த ரேடியோவைத் தாமே பிரித்துச் சரிசெய்வார். என் சித்தப்பா பொறியியல் படித்தவர். அவர்கள் மூளைக்கு இருபது வருஷம் ஒரு பை எட்டவில்லை. எப்படி எட்டும்? அத்தை இருந்தாள், ஆகையால் பை தேவைப்படவில்லை. கடைகளில் பெண்கள் நின்றார்கள். ஆகையால் முக்காலி தேவைப்படவில்லை. சலிக்காமல் சுமக்கிற ஆள் ஒன்று அகப்பட்டுவிட்டால் சுமையைக் குறைக்கிற யோசனை யாருக்கும் வருவதில்லை.

யோசனை வந்துவிட்டால் பெரிய காரியமும் நடந்துவிடுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் நடக்க இயலாத முதியவர்களுக்கும் அந்த நீண்ட மணல்வெளியே சிறைச்சுவராக இருந்து வந்தது. 2022 நவம்பரில் சென்னை மாநகராட்சி 263 மீட்டர் நீளத்துக்கு அலையருகே வரை மரப்பாதை ஒன்று போட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. ஊரில் கேலி பேசினார்கள். ஆனால் அந்தப் பாதையைச் செப்பனிட்டுத் திரும்பவும் திறந்தார்கள்.

குடும்பத்துக்குள் மாற்றம் கொண்டுவருவது மரப்பாதை போடுவதைவிடச் சிரமம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படிக்கிறான். செருப்புச் சமாசாரத்தை நான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்ல, அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அடுத்த முறை கடற்கரைக்குப் போனபோது, "நான் பார்த்துக்கறேன், நீ போம்மா" என்று தாயாரை எழுப்பிவிட்டு அவன் உட்கார்ந்திருக்கிறான். அந்த அம்மாளே என்னிடம் இதைச் சொன்னார். "அலைகிட்டப் போய் நின்னுட்டேன் சார். அப்புறம் என்ன செய்யணும்னே தெரியலை. எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு பார்த்துக்கிட்டு நின்னேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிச் செருப்பையே பார்த்தேன்." இருபத்தைந்து வருஷப் பழக்கத்தை ஒரு சாயங்காலத்தில் எப்படிக் கழற்றிப் போடுவது? அவர் சங்கடப்பட்டதைக் கண்டு கணவர், "நான்தான் சொன்னேனே, அவளுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு" என்றாராம். பையன் விடவில்லை. அடுத்த தடவையும் உட்கார்ந்தான். அதற்கடுத்த தடவை தங்கை. நாலாவது தடவை, உள்ளூர எரிச்சலோடு, கணவர்.

கணவர் காவலில் இருந்த அன்றைக்குத்தான் செருப்பு ஒன்று காணாமல் போயிற்று. கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாராம். போனது அந்த அம்மாளுடைய செருப்பு. முழங்கால் வரை நனைந்து, புடைவையெல்லாம் மணலாக அவர் திரும்பி வந்தபோது கணவர் குற்றவாளி மாதிரி எழுந்து நின்றிருக்கிறார்.

"அவர் முகத்தைப் பார்க்கணுமே சார்!" என்று சொல்லிச் சிரித்தார் அந்த அம்மாள். "போனாப் போகுது, பழைய செருப்புதான்னு சொல்லிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வெறுங்காலோடதான் நடந்தேன். அடுத்த வாரம் யார் முறைன்னுதான் இப்போ வீட்டிலே சண்டை."